மதிப்பெண்ணை நோட்டுக்குப் போடுங்கள்

எட்டாம் வகுப்புக்கு முதன்முதலாக நான் வீடியோ ப்ராஜெக்ட் கொடுத்த ஆண்டில், என் மேசைக்கு ஏழு பென்டிரைவ்கள் வந்து சேர்ந்தன. தலைப்பு 'நீர் மேலாண்மை'. கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். ஏழையும் ஒரே மாலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து வீடியோக்களில் ஒரே அணைக்கட்டு வந்தது. யாரோ எங்கோ டிரோனில் எடுத்து இணையத்தில் போட்ட காட்சி. நான்கில் பின்னணி இசையும் ஒன்றே. பிள்ளைகளின் குரல் இருந்தது. ஆனால், தாங்கள் எழுதாத வாக்கியங்களை மூச்சுப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பளிச்சென்று இருந்த ஒன்றுக்கு 20-க்கு 19 போட்டேன். பக்கத்து டவுனில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையில் 1,500 ரூபாய் கொடுத்து அப்பா செய்து வாங்கித் தந்தார் என்று அந்தப் பையனே மறுநாள் வெள்ளந்தியாகச் சொன்னான்.

ஏழாவது பென்டிரைவ் ஒரு மாணவியுடையது. தன் அப்பத்தாவைக் கண்மாய்க் கரையில் உட்காரவைத்து, "முன்னாடியெல்லாம் தண்ணி எந்த மாசம் வரும்?" என்று கேட்டிருந்தாள். மொத்தம் இரண்டு நிமிடம். படம் ஆடியது. காற்று இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. அதற்கு 11 போட்டேன். அந்த வகுப்பில் வீட்டைவிட்டு வெளியே போய், ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்த ஒரே பிள்ளை அவள்தான். அந்த 11 இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சிவகங்கை மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். அந்த மாலைக்குப் பிறகு வீடியோ ப்ராஜெக்ட்டையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விடவில்லை. கொடுக்கும் முறையை மாற்றினேன். மாற்றிப் பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றைச் சக ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாணவர் எடுக்கும் வீடியோவில் படிப்பு நடக்கிற இடம், கேமராவைத் திறப்பதற்கு முந்தைய மூன்று வாரங்கள். அந்த மூன்று வாரத்துக்கும் சாட்சி ஒரு நோட்டு. மதிப்பெண்ணை அந்த நோட்டுக்குப் போட வேண்டும்.

ஏன் இப்போது?

கைபேசி இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகூட வீடியோ எடுக்கிறது. எடுப்பது இனி ஒரு திறமையே இல்லை. இப்போது அதற்கும் மேலே போய்விட்டது: இரண்டு வரி தட்டினால் செயற்கை நுண்ணறிவுச் செயலி கண்மாயையும் வரைந்து, கரையில் ஒரு கிழவரையும் உட்காரவைத்து, அவருக்குக் குரலும் கொடுத்துவிடுகிறது. அன்று கடைக்குப் போன 1,500 ரூபாயும் மிச்சம். முடிந்த வீடியோவை மட்டும் பார்த்து மதிப்பிடும் ஆசிரியருக்கு, பிள்ளை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று கண்டுபிடிக்க இனி வழியே கிடையாது.

இன்னொரு பக்கம், பள்ளிகளில் வீடியோ எடுப்பது முன்னெப்போதையும்விட அதிகமாகியிருக்கிறது. உறுதிமொழி எடுத்தால் வீடியோ, மரக்கன்று நட்டால் வீடியோ. எடுப்பவர்கள் ஆசிரியர்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், கையை நீட்டுகிறார்கள், சொன்னதைச் சொல்கிறார்கள். தன்னைச் சுற்றி இவ்வளவு கேமரா இருந்தும், அதற்குப் பின்னால் நின்று 'இதை எடுக்கலாம், இதை எடுக்கக் கூடாது' என்று முடிவு செய்யும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதே இல்லை. 2022-இல் அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் போட்டுக் காட்டும் திட்டம் வந்தபோது நான் மகிழ்ந்தேன். நல்ல படம் பார்க்கக் கற்ற பிள்ளை அடுத்து கேட்கப்போவது, "நாங்க எடுக்கலாமா டீச்சர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பள்ளியில் ஒரு பதில் இருக்க வேண்டும்.

ஒரு கேள்வி கிடைக்கும்வரை

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்போடு செய்ததைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும் தொடங்கினோம். அரையாண்டுத் தேர்வையும் பொங்கல் விடுமுறையையும் கழித்தால் மொத்தம் ஆறு வார வேலை. வாரத்துக்கு இரண்டு பீரியடு, சில சனிக்கிழமைகள்.

முதல் வாரம் தலைப்பே கிடையாது. ஊரைப் பற்றி விடை தெரியாத ஒரு கேள்வியை எழுதிவரச் சொன்னேன். இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும் கேள்வி செல்லாது. ஊருக்குள் நடந்து போய் யாரையாவது கேட்டால்தான் தெரியும் என்கிற கேள்வி வேண்டும். 31 பிள்ளைகளில் பாதிப் பேர் 'பிளாஸ்டிக்கை ஒழிப்பது எப்படி', 'மழைநீர் சேமிப்பின் நன்மைகள்' என்று கட்டுரைத் தலைப்புகளையே எழுதி வந்தார்கள். தவறு அவர்களுடையது இல்லை. அப்படித்தான் நாம் பழக்கியிருக்கிறோம். மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியபோது கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மடை தொறக்கிறவருக்கு யாரு டீச்சர் சம்பளம் கொடுப்பா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கும் சரியாகத் தெரியாது. தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களுமாக 39 ஆயிரத்துக்கு மேல் உண்டு என்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அவற்றில் ஒன்று எங்கள் பள்ளிக்கு அரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் மடையை ஒரு மனிதர் திறந்து மூடுகிறார். அவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். அவருக்கும் வயிறு இருக்கிறது. இது ஒருநாளும் என் பாடத்துக்குள் வந்ததில்லை. 'நீர் மேலாண்மை' என்ற தலைப்பில் இருந்ததைவிட அதிகமான நீர் மேலாண்மை அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

படம் எடுக்கப் பெரிய விஷயம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் பிள்ளைகளிடமிருந்து எடுக்க வேண்டும். ஈரான் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி 1970-இல் எடுத்த முதல் குறும்படம் 'பிரெட் அண்ட் ஆலி'. ரொட்டியோடு வீடு திரும்பும் ஒரு சிறுவனைச் சந்தில் ஒரு நாய் வழிமறிக்கிறது. பத்து நிமிடப் படத்தின் கதை அவ்வளவுதான். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினேன். "இது எங்க தெருவுலயும் நடக்கும் டீச்சர்" என்றார்கள். அந்தப் பேச்சு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேமரா இல்லாத வாரம்

இரண்டாம் வாரம் கைபேசியைத் தொடவே கூடாது என்றேன். நோட்டும் பென்சிலும் மட்டும். ஐந்து பேராகச் சேர்ந்து நீர்ப்பாய்ச்சித் தாத்தாவைப் பார்க்கப் போனார்கள். நானும் சற்றுப் பின்னால் போனேன். அவர் கரை மேட்டில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று, எழுதி வைத்திருந்த முதல் கேள்வியைப் படித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்து, "நீ யாரு பேத்தித்தா? உங்க வயக்காடு எந்த மடையில பாயுது?" என்று கேட்டார். ஐந்து பேரில் மூன்று பேருக்குத் தங்கள் வீட்டு வயல் எந்த மடையில் பாய்கிறது என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கு வயலே இல்லை. அன்றைய பேட்டி முழுவதும் அவர் கேட்க, இவர்கள் விழித்ததுதான். நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தாள் அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை: 'இன்று தாத்தாதான் எங்களைப் பேட்டி எடுத்தார். வீட்டில் கேட்டுவிட்டுத் திரும்பப் போக வேண்டும்.'

அந்த வரிக்கு எந்த வீடியோவில் இடம் இருக்கிறது? இல்லை. நோட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டு, கொல்லையில் இருக்கும் தங்கள் தாத்தாவிடம் கேட்டு, விடையோடு இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நீர்ப்பாய்ச்சித் தாத்தா பேசினார். தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீரை முறை வைத்துப் பிரிப்பது, தண்ணீர் குறைந்த வருஷத்தில் சொந்தத் தம்பி வயலுக்கும் முறை மாறாமல் விடுவது, அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று நெல்லாகவே கூலி வாங்கியது, நெல்லை மெஷினில் அறுத்து வயலிலிருந்தே லாரியில் ஏற்ற ஆரம்பித்ததும் அந்தக் கூலி களத்தில் வந்து சேராமல் போனது. எல்லாம் மூன்று நோட்டுகளில் மூன்று விதமாகப் பதிவானது. ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரே பேச்சை மூவரும் வேறு வேறாகக் கேட்டிருந்தது தெரிந்தது. ஆதாரங்களை ஒப்பிடுவது என்று வரலாற்றுப் பாடத்தில் சொல்கிறோமே, அது அன்று நடந்தது.

எழுத்தும் கட்டமும் காலண்டரும்

மூன்றாம் வாரம் எழுத்து. லாங் சைஸ் நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'கண்ணுக்கு', வலப்பக்கம் 'காதுக்கு' என்று தலைப்பிட்டோம். கண்ணுக்கு மடைப் பலகை. காதுக்குத் தண்ணீர் விழும் சத்தம். கண்ணுக்குத் தாத்தாவின் கை. காதுக்கு அவர் குரல். இப்படி எழுதியதும் ஒன்று தெரிந்தது: பிள்ளைகள் முதலில் எழுதிய உரையில் பாதி தேவையே இல்லை. 'கண்மாயில் தண்ணீர் நிரம்பியிருக்கிறது' என்று சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிகிறது. இரண்டு பக்க உரை முக்கால் பக்கமானது. சுருக்கி எழுதச் சொல்லி ஆண்டுக்கணக்கில் தமிழ் ஆசிரியர்கள் மன்றாடுவதை அந்த நடுக்கோடு செய்தது.

பிறகு கட்டம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் கோட்டுப் படம். வரையத் தெரியாதவர்கள் குச்சி மனிதனை வரைந்தார்கள். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை முழுக்க முழுக்க ஒரு திரைக்கதைப் புத்தகமாக எழுதி வைக்காமல், காட்சிகளைப் படமாக வரைந்தே தயாரிப்பாளர்களிடம் எடுத்துப் போய்க் காட்டினார் என்று சொன்னதும் அவர்களுக்குத் தைரியம் வந்தது.

அதே ராயிடமிருந்து இன்னொரு பாடமும் சொன்னேன். விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாட்களில் படம் எடுத்தவர் அவர். 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடும் காட்சியை ஒரு நாள் எடுத்தார். மிச்சத்தை எடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. எங்கள் கண்மாயும் அப்படித்தான். மழை நின்று, தண்ணீர் தேங்கி, மடை திறக்கிற நாட்கள் மார்கழியிலும் தையிலும் கொஞ்சம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம். அப்போது இந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பார்கள். எனவே காலண்டரைச் சுவரில் மாட்டி, எந்த நாள் எந்த ஷாட் என்று பென்சிலால் குறித்தோம்.

நேரத்தைக் குறித்துக் கொடுத்தவன் ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன். கரையில் எந்த நேரம் வெயில் எங்கே விழும் என்பது அவனுக்கு மனப்பாடம். "ஏழரைக்கு மடை மேல விழும் டீச்சர். எட்டரைக்கு மேல தண்ணி கண்ணக் கூசும், ஒண்ணும் தெரியாது" என்றான். படப்பிடிப்பு அட்டவணை அவன் வாயிலிருந்து வந்தது. அட்டவணையின் கீழே அவன் பெயரைத்தான் எழுதினோம்.

எடுக்கிற நாள்

பள்ளிக்கு மாணவர்கள் கைபேசி கொண்டுவரக் கூடாது. அது சரியான விதி; அதை நான் மீறவில்லை. அரையாண்டு விடுமுறையில், பெற்றோர் கையெழுத்திட்ட கடிதத்தோடு, ஒரு மாணவியின் அம்மாவுடைய கைபேசி ஒன்று, என்னுடையது ஒன்று. இரண்டே இரண்டு. முந்தின இரவே இடத்தைக் காலி செய்துவைக்கச் சொல்லியிருந்தேன். முழு எச்டி தரத்தில் ஒரு நிமிடக் காட்சி ஏறக்குறைய 130 எம்பி இடம் பிடிக்கும். பாதியில் 'இடமில்லை' என்று வந்தால் தாத்தாவை மறுபடி அதே பேச்சைப் பேசச் சொல்ல முடியாது.

கேமராப் பக்கம் போக வேண்டுமென்றால் சில விதிகள் வைத்திருந்தோம். கைபேசியைப் படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும். கையில் பிடிக்காமல் செங்கல் மேல் வைக்க வேண்டும். ஷாட்டைத் தொடங்கிய பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை அசைக்கக் கூடாது. ஃப்ளைட் மோடு கட்டாயம். ஒருவர் இரண்டு ஷாட் எடுத்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் கேமரா நாள் முழுக்கப் பையன்கள் கையில் இருக்கும்; பெண் பிள்ளைகள் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு ஆண்டுகள் கண்ணால் கண்டுவிட்டுத்தான் இந்த விதியைப் போட்டேன்.

சத்தம்தான் பெரிய சவால். பழைய இரண்டு நிமிட வீடியோவை என் காது மறக்கவில்லை. இரண்டாவது கைபேசியில் இயர்போனைச் செருகி, அதன் மைக்கைத் தாத்தாவின் துண்டுக்கு அடியில் குத்தி, அதைக் குரலுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். பதிவு தொடங்கியதும் ஒருத்தி கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டுவாள். எடிட் செய்யும்போது படத்தில் கை சேருகிற இடத்தையும் ஒலியில் 'டப்' என்று கேட்கிற இடத்தையும் ஒன்றாக வைத்தால் உதடும் குரலும் பொருந்திவிடும். செலவில்லாத வித்தை.

மார்கழி மாதம் என்பதை மட்டும் காலண்டரில் குறிக்க மறந்திருந்தோம். ஆறு மணிக்குப் போய் நின்றால் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு கரை முழுக்கக் கேட்கிறது. அந்தப் பாட்டு பேட்டிக்குப் பின்னால் பதிவானால் பேச்சு கெடும் என்பது ஒன்று. பிறர் உரிமையுள்ள பாட்டைக் கேட்காமல் நம் படத்தில் சேர்ப்பதாகவும் ஆகும். பிள்ளைகளே போய்ப் பூசாரி ஐயாவிடம் கேட்டார்கள். ஏழு மணிக்கு எப்படியும் நிறுத்திவிடுவேன் என்றார். காத்திருந்தோம். ஏழரைக்கு வெயில் மடை மேல் விழுந்தது.

பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் எடுத்த ஒரு பேட்டியில் கறுப்புப் பட்டைகள் திரையில் மேலும் கீழுமாக ஓடின. கைபேசி கெட்டுவிட்டது என்று பயந்தார்கள். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னி மங்குகிறது. 30 ஃபிரேம் கணக்கில் எடுக்கும் கைபேசிக்கும் அதற்கும் ஒத்துப்போகாதபோது பட்டை தெரிகிறது. அறிவியல் ஆசிரியர் வந்து விளக்கினார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, லைட்டை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். மாறுதிசை மின்னோட்டத்தை அவர்கள் இனி மறக்கமாட்டார்கள்.

வெட்டியதன் கதை

மொத்தம் 47 நிமிடம் எடுத்திருந்தோம். படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஹைடெக் லேப் கணினியில் இலவச எடிட்டிங் மென்பொருளைப் போட்டு வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு வெட்டுக்கும் நோட்டில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது விதி. 'பிடிக்கலை' என்று எழுதினால் செல்லாது.

தாத்தாவின் பேட்டியில் ஓரிடம். கூலி நெல் கொடுப்பதை முதலில் நிறுத்திய வீடு எது என்று சொல்கிறார். சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தித் தண்ணீரையே பார்க்கிறார். 11 நொடி மௌனம். ஒரு மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழுந்து போகிறது. அந்த 47 நிமிடத்தில் அதற்கு இணையான காட்சி கிடையாது. பார்த்த எனக்குத் தொண்டை அடைத்தது.

படத்தை வெளியில் காட்டுவதற்கு முன்னால் அதில் பேசியவருக்குக் காட்டிவிட வேண்டும் என்பது எங்கள் இன்னொரு விதி. கரையில் உட்காரவைத்துக் கைபேசியில் போட்டுக் காட்டினோம். முழுதும் பார்த்தார். சிரித்தார். எழுந்து போனவர், மறுநாள் காலை பள்ளி வாசலில் வந்து நின்றார். "அந்த வீட்டச் சொன்ன பேச்ச மட்டும் எடுத்துருங்கத்தா. நாளப்பின்ன ஒரே ஊருல இருக்கணும்" என்றார்.

வகுப்பில் அன்று ஒரு பீரியடு முழுக்க வாக்குவாதம். "அவருதானே டீச்சர் சொன்னாரு, உண்மைதானே?" என்றான் ஒருவன். "உண்மைன்னா யாரு படத்துல வேணா போடலாமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. பேரைச் சொல்லும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மௌனத்தை வைத்துக்கொள்ளலாமா என்றார்கள். மௌனம் மட்டும் இருந்தால் ஊருக்குள் எல்லோரும் யாரைச் சொல்கிறார் என்று ஊகித்துப் பேசுவார்கள் என்றாள் கேள்வி கேட்ட பிள்ளை. கடைசியில் மீன்கொத்தி உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டில் இப்படி எழுதியிருந்தது: 'வெட்டியது 38 நொடி. காரணம்: தாத்தா இந்த ஊரில் இருக்க வேண்டும்.'

22 ஆண்டுகளில் நான் படித்த விடைத்தாள்களில் அந்த ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை. முடிந்த படத்தைப் பார்ப்பவர் எவருக்கும் அப்படி ஒரு முடிவு நடந்ததே தெரியாது. திரையில் வராத அந்த 38 நொடிக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இருபதைப் பிரிக்கும் விதம்

இப்போது நான் 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன். கேள்விக்கும் களக் குறிப்புக்கும் 6. நடுக்கோடு போட்ட எழுத்துக்கும் கட்டப் படத்துக்கும் 5. ஒப்புதல் வாங்கியதற்கும், பேசியவருக்குப் போட்டுக் காட்டியதற்கும் 4. வெட்டியதற்கான காரணக் குறிப்புக்கு 3. முடிந்த படத்துக்கு 2. 'படத்துக்கு இரண்டுதானா?' என்று பெற்றோர் கேட்டார்கள். ஆமாம், இரண்டுதான். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காக எவரும் 1,500 ரூபாய் செலவழிக்கமாட்டார்கள். நோட்டைக் கடையில் எழுதி வாங்க முடியாது. எழுதியவரிடம் இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

போர்ஷன் முடிக்க நேரம் இல்லை என்பார்கள் சக ஆசிரியர்கள். அந்த நெருக்கடி எனக்கும் உண்டு. ஆனால், பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்து, எல்லாவற்றையும் கடையில் செய்துவாங்க விடுவதைவிட, மூன்று பாட ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே படத்தை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். எங்கள் படத்தில் தமிழ் ஆசிரியர் எழுத்தைப் பார்த்தார், அறிவியல் ஆசிரியர் வெளிச்சத்தைப் பார்த்தார். மூன்று பாடத்துக்கும் அது ஒரே செயல்பாடாகக் கணக்கில் சேர்ந்தது. எனக்குக் கூடுதலாக ஆன நேரம், சில சனிக்கிழமைக் காலைகள்.

பள்ளி நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பிள்ளைகள் எடுத்த படத்தை உடனே இணையத்தில் ஏற்றி விருப்பக்குறி எண்ணாதீர்கள். 18 வயது நிறையாதவரின் தனிப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், பிள்ளை முகத்தை உலகத்துக்குக் காட்டும் முன் அதன் வீட்டைக் கேட்பது மரியாதை. முதலில் ஊருக்குள் போட்டுக் காட்டுங்கள். இரண்டு, மூலக் காட்சிகளையும் நோட்டையும் பள்ளியில் பத்திரப்படுத்துங்கள். செயலியில் அனுப்பினால் அளவைச் சுருக்கிவிடும். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். எங்கள் தாத்தாவின் குரல் முழு நீளத்துக்கு இருக்கிற ஒரே இடம் இன்று எங்கள் பள்ளி அலமாரி. வெட்டிய 38 நொடி மட்டும் அதில் கிடையாது. அதை அவர் முன்னாலேயே அழித்துவிட்டோம்.

நடு மடை

ஜனவரி 26 அன்று கிராம சபை முடிந்ததும் அதே மண்டபத்தில் படத்தைப் போட்டோம். பள்ளி புரொஜெக்டர், சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. தாத்தா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் ஓடி முடிந்ததும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "படம் நல்லாருக்குத்தா. ஆனா நீங்க நடு மடைன்னு காட்டுனீங்களே, அது நடு மடை இல்ல. அது சின்ன மடை. நடு மடை தூர்ந்து போயி நாப்பது வருஷமாச்சு."

மண்டபத்தில் சலசலப்பு. சிலர் ஆமாம் என்றார்கள், சிலர் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்றார்கள். தாத்தா மெதுவாகத் தலையை ஆட்டினார். தான் அந்த வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே அது மூடிவிட்டதால், இந்தக் காலத்தில் எல்லோரும் சொல்கிற பெயரையே தானும் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அந்த ஐந்து பேரும் படம் ஓடிய சந்தோஷத்தையெல்லாம் மறந்துவிட்டு நோட்டைத் தேடினார்கள். மேடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபடியே பாட்டி சொல்லச் சொல்ல எழுதினார்கள்: கலுங்கிலிருந்து எத்தனை தப்படி, பக்கத்தில் என்ன மரம், யார் வயல்.

மறுவாரம் படத்தில் அந்த ஒரு சொல்லை மாற்றிக் குரலைத் திரும்பப் பதிந்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டி சொன்ன அடையாளங்களை வைத்து வரைந்த ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் ஓரிடத்தில் கேள்விக்குறி. இந்த ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை நோட்டும் கயிறுமாகக் கரையில் தப்படி எண்ணிக்கொண்டிருந்தார்கள். கைபேசியை இன்னும் யாரும் கேட்கவில்லை.